கேட்போரும் கட்டமைப்போரும்: 'லினக்சு ஃபிரம் ஸ்கிராட்ச்' நூலின் பாயிரம் குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

மூலநிரலிலிருந்து ஓர் இயங்குதளத்தை முழுமையாகக் கட்டமைக்கும் முறையைக் கற்பிக்கும் நூல்களுள் 'லினக்சு ஃபிரம் ஸ்கிராட்ச்' பரவலாக அறியப்பட்டது. 1999 முதல் பல பதிப்புகளாக வெளிவரும் இந்நூலின் முன்னுரை, மூலநிரலிலிருந்து இயங்குதளத்தைக் கட்டமைப்பதற்குக் கற்றல், கட்டுப்பாடு, சிறிய அளவு, பாதுகாப்பு ஆகியவற்றைக் காரணங்களாகக் கூறுகிறது. நன்னூல் வகுக்கும் சிறப்புப் பாயிரக் கூறுகளுள் 'கேட்போர்', 'பயன்' என்னும் இரண்டையும் அளவுகோலாகக் கொண்டு இக்காரணங்களை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. கற்றல் பயன் உண்மையானது. ஆயினும் அது நூலின் கட்டளைகளை நிறைவேற்றுவதால் மட்டும் விளைவதன்று. பாதுகாப்புப் பயன் தனியொருவருக்குப் பெரிதும் பொருந்தாது. பிறருடைய கணினிகளுக்குப் பொறுப்பேற்போருக்கே அது பொருந்தும். ஆகவே 'கட்டமைக்க வேண்டியவர் யார்' என்னும் வினாவுக்கு விடை திறமையிலன்றிப் பொறுப்பிலேயே அமைந்துள்ளது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: இயங்குதளம், மூலநிரல், தொகுப்பி, கட்டற்ற மென்பொருள், பாயிரம், கேட்போர், மென்பொருள் பாதுகாப்பு.

முன்னுரை

ஒரு நூலுக்குள் புகுமுன் அறிய வேண்டியவற்றைப் பாயிரம் என வகுத்துக் கூறுவது தமிழ் இலக்கண மரபு. 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பவணந்தியாரின் நன்னூல், ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டுக் கூறுகளைச் சிறப்புப் பாயிரத்துக்கு உரியனவாகச் சுட்டுகிறது. இவற்றுள் இறுதியில் நிற்கும் கேட்போரும் பயனும் ஒன்றையொன்று சார்ந்தவை. பயன் இன்னதெனத் தெளிந்தாலன்றிக் கேட்போர் இன்னாரெனக் கூற இயலாது. கேட்போரை மாற்றினால் அதே நூலின் பயனும் மாறிவிடும்.

இலக்கண, இலக்கிய நூல்களுக்கென அமைந்த இவ்வளவுகோல் தொழில்நுட்ப நூல்களுக்கும் பொருந்தக்கூடியது. செய்முறை நூல்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் அவற்றின் கட்டளைகள் சரியாக இயங்குகின்றனவா என்று மட்டுமே நோக்குகின்றனர். அந்நூல் யாரை நோக்கிப் பேசுகிறது, அவருக்குத் தருவதாகக் கூறும் பயனை உண்மையில் தருகிறதா என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது குறைவு. இக்கட்டுரை அவ்வினாக்களை 'லினக்சு ஃபிரம் ஸ்கிராட்ச்' நூலின் முன்னுரையை முன்வைத்து ஆராய்கிறது. 2024 செப்டம்பரில் வெளிவந்த 12.2ஆம் பதிப்பு இதற்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது.

நூலும் அதன் அமைப்பும்

ஜெரார்டு பீக்மான்சு 1999இல் இந்நூலைத் தொடங்கினார். பின்னர் இது பலர் கூடி இயற்றும் நூலாக வளர்ந்தது. புரூஸ் டப்ஸ் இதன் நிர்வாகப் பதிப்பாசிரியராக விளங்குகிறார். ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதிய பதிப்பு வெளிவருவது அண்மைக்கால வழக்கம்.

உபுண்டு, டெபியன், ஃபெடோரா முதலிய லினக்சு வழங்கல்களை நிறுவுவோர், பிறர் முன்னரே தொகுத்து வைத்த இரும நிரல்களையே பெறுகின்றனர். இந்நூல் அவ்வழியை விலக்குகிறது. மூலநிரல்களைத் தனித்தனியே தரவிறக்கி, கம்பைலர் எனப்படும் தொகுப்பியைக் கொண்டு ஒவ்வொன்றாகத் தொகுத்து, இறுதியில் தானே தொடங்கி இயங்கும் ஒரு கணினியமைப்பை அடையச் செய்கிறது. 11 இயல்கள் கொண்ட இந்நூலில் இயங்குதளத்தின் அடிப்படையான நிரல்பொதிகள் யாவும் இடம்பெறுகின்றன.

நூலின் நடுப்பகுதி ஒரு சிக்கலை மையமாகக் கொண்டது. நிரல்கள் இயங்குவதற்குச் 'சி' நிரலகம் தேவை. அந்நிரலகத்தைத் தொகுக்கத் தொகுப்பி தேவை. தொகுப்பி தன் முழு வடிவில் அமைவதற்கோ அந்நிரலகம் தேவை. முட்டை முந்தியதா, கோழி முந்தியதா என்னும் இவ்வட்டத்தை உடைக்க, நூல் ஜிசிசி தொகுப்பியையும் பின்யூட்டில்ஸ் கருவிகளையும் மும்மூன்று முறை தொகுக்கச் செய்கிறது. முதன்முறை, ஏற்கெனவே உள்ள கணினியின் கருவிகளைக்கொண்டு ஒரு குறுக்குத் தொகுப்பி உருவாக்கப்படுகிறது. அதனைக்கொண்டு நிரலகமும் தற்காலிகக் கருவிகளும் அமைகின்றன. பின்னர்ச் 'சிஎச்ரூட்' என்னும் கட்டளையால் பழைய அமைப்பினின்று பிரிந்து, புதிய அமைப்புக்குள் நின்றுகொண்டே இறுதித் தொகுப்பு நிகழ்கிறது. ஒரே கருவியை மீண்டும் மீண்டும் தொகுப்பது ஏன் என்பதை விளக்கும் தொழில்நுட்பக் குறிப்பு நூலின் செறிவான பகுதி எனலாம்.

கற்போரின் நிலையை உணர்ந்து அமைத்த கூறுகளும் உள்ளன. தொகுப்புக்கு ஆகும் நேரத்தை நிமிடங்களில் கூறினால் அது கணினிக்குக் கணினி வேறுபடும். ஆகவே முதற்பொதியான பின்யூட்டில்சைத் தொகுக்க ஒருவருடைய கணினி எடுத்துக்கொள்ளும் நேரத்தையே ஓர் அலகாகக் கொண்டு, ஏனைய பொதிகளின் நேரம் அதன் மடங்காகக் குறிக்கப்படுகிறது. கற்பவர் தம் கணினியையே அளவுகோலாக்கிக்கொள்ள இது வழிசெய்கிறது.

முன்னுரை கூறும் பயன்கள்

ஆயத்த நிலையில் வழங்கல்கள் கிடைக்கும்போது இவ்வளவு உழைப்பு எதற்கு என்னும் வினாவை முன்னுரை தானே எழுப்பிக்கொள்கிறது. அதற்கு அது தரும் விடைகளை நான்காகத் தொகுக்கலாம். லினக்சு அமைப்பு உள்ளிருந்து எவ்வாறு இயங்குகிறது, அதன் பகுதிகள் ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்துள்ளன என்பதை அறிதல் முதலாவது. பிறருடைய தெரிவுகளைச் சாராமல் தம் அமைப்பைத் தாமே ஆளுதல் இரண்டாவது. வேண்டாத நிரல்களை நீக்கிச் சிறிய அமைப்பைப் பெறுதல் மூன்றாவது. மூலநிரல் முழுவதையும் சோதிக்கவும் பாதுகாப்புத் திருத்தங்களைப் பிறருக்காகக் காத்திராமல் இடவும் இயலுதல் நான்காவது. இவற்றுள் கற்றலே தலையாயது என நூல் வெளிப்படையாகக் கூறுவது அதன் நேர்மைக்குச் சான்று.

இந்நான்கும் ஒருவருக்கே உரியன போல முன்னுரையில் அடுக்கப்பட்டுள்ளமை குறைபாடாகும். கற்க வருபவரும் நாள்தோறும் பயன்படுத்தத்தக்க பாதுகாப்பான அமைப்பை நாடி வருபவரும் வெவ்வேறு கேட்போர். ஒருவருக்கு உரிய பயன் மற்றவருக்குச் சுமையாதல் கூடும். சிறிய அளவு என்னும் பயன் கருவிப் பொறிகளுக்கு அமைப்பு உருவாக்குவோருக்குத் தெளிவாகப் பொருந்துவதால் அதனை விரித்தாராய வேண்டுவதில்லை. ஏனையவை ஆய்வுக்குரியன.

கற்றல் பயன்: கிளியும் மண்ணும்

நன்னூல் மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி முதலியவற்றோடு உவமித்துத் தலை, இடை, கடை என வகைப்படுத்துகிறது. கற்பித்ததையன்றி வேறு சொல்லாத கிளியும், உழைத்த அளவுக்கு விளையும் மண்ணும் இடை மாணாக்கருக்கு உவமை. மேய்ந்ததைப் பின்னர் அசைபோடும் ஆ தலைமாணாக்கருக்கு உவமை. இப்பாகுபாடு இந்நூலின் கேட்போரை மதிப்பிடப் பெரிதும் துணைசெய்கிறது.

நூலின் ஒவ்வொரு பகுதியும் தொகுக்க வேண்டிய பொதி, இடவேண்டிய கட்டளைகள், அக்கட்டளைகளின் சிறு விளக்கம் என்னும் அமைப்புடையது. கட்டளைகளை நகலெடுத்து ஒட்டினாலே பணி முடிகிறது. பதிப்பாசிரியர்கள் கட்டளைகளை முன்னரே சோதித்துள்ளமையால், வழுவாது பின்பற்றுவோருக்குத் தவறு நேர்வது அரிது. நூலின் செம்மை இங்கு அதன் நோக்கத்துக்கே முரணாகிறது. நிரல் தொகுப்பைக் கற்பிப்பது பெரும்பாலும் பிழையே. விடுபட்ட நிரலகம், தவறான பாதை, பொருந்தாத பதிப்பு ஆகியவற்றால் தொகுப்பு நின்றுபோகும்போதுதான் சார்புநிலை என்பது கற்பவருக்குப் புலனாகிறது. பிழைகள் யாவும் முன்கூட்டியே களையப்பட்ட பாதையில் நடப்பவர் பாதையின் முடிவை அடைவார். அது ஏன் அவ்வாறு செல்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டியதில்லை.

இதற்கு வலுவான சான்று ஒன்று நூலின் திட்டத்துக்குள்ளேயே உள்ளது. 'ஜேஎச்ஏஎல்எஃப்எஸ்' என்னும் துணைக்கருவி, நூலின் மூலக்கோப்பிலிருந்து கட்டளைகளை மட்டும் பிரித்தெடுத்து வரிசையாக நிறைவேற்றுகிறது. உரிமமும் இவ்வாறே பிரிகிறது. நூலின் உரைப்பகுதி கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலும், கட்டளைகள் எம்ஐடி உரிமத்திலும் வழங்கப்படுகின்றன. விளக்கத்தை எவரும் படிக்காமலேயே நூல் 'நிறைவேற' முடிகிறது. கிளியும் தேவைப்படாத இந்நிலையில், ஒருவர் இவ்வமைப்பைக் கட்டமைத்தார் என்பதைக் கொண்டு அவர் அதனைப் புரிந்துகொண்டார் எனத் துணிய இயலாது.

ஆயினும் இப்பயனை முற்றிலும் மறுப்பது தவறாகும். நிரலகத்தைத் தொகுத்தபின் சிறு நிரல் ஒன்றை உருவாக்கி, அது எந்த இணைப்பியை நாடுகிறது என்று பார்க்குமாறு நூல் பணிக்கும் சோதனை இதற்கு எடுத்துக்காட்டு. விடை பழைய அமைப்பின் பாதையைக் காட்டினால் கட்டமைப்பு பிழைபட்டது, மேலே செல்லலாகாது. இவ்விடத்தில் கற்பவர் ஒரு சான்றைக் கண்டு முடிவெடுக்க வேண்டியவராகிறார். இத்தகைய இடங்கள் பெருகியிருந்தால் நூல் ஆவையொத்த மாணாக்கரை உருவாக்கியிருக்கும். இன்றைய நிலையில் அது மண்ணையொத்த மாணாக்கருக்கே உகந்தது: அவரவர் இடும் உழைப்பின் அளவே விளைச்சல்.

படித்தலும் கட்டமைத்தலும்: லயன்சின் உரையோடு ஓர் ஒப்பீடு

இயங்குதளத்தை மூலநிரல்வழிக் கற்பித்தற்கு முற்றிலும் வேறான மரபும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் லயன்ஸ், யுனிக்சு ஆறாம் பதிப்பின் கருநிரலுக்குத் தம் மாணவர்க்காக 1976இல் உரை வகுத்தார். மூலநிரலை வரியெண்ணிட்டு ஒரு தொகுதியாகவும், உரையை மற்றொரு தொகுதியாகவும் அமைத்தார். பத்தாயிரம் வரிக்கும் குறைவான அந்நிரலை ஒரு மாணவர் முழுமையாகப் படித்துவிட முடிந்தது. யுனிக்சு ஏழாம் பதிப்பின் உரிமம் மூலநிரலை வகுப்பறையில் பயன்படுத்துவதைத் தடுத்தது. அதன்பின் லயன்சின் உரை நகலெடுக்கப்பட்டு மறைவாகவே கைமாறியது. 1996இல்தான் முறையாக நூலாக வெளிவந்தது. இத்தடையே ஆண்ட்ரூ டானன்பாம் மாணவர்க்கென மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தைப் புதிதாக எழுதி 1987இல் வெளியிடக் காரணமாயிற்று.

லயன்சின் உரையும் பீக்மான்சின் நூலும் இரு முனைகளில் நிற்கின்றன. முன்னது மூலநிரலைப் படிக்கச் செய்கிறது. கட்டமைத்தல் அதன் நோக்கமன்று. பின்னது கட்டமைக்கச் செய்கிறது. மூலநிரலின் ஒரு வரியையேனும் படிக்குமாறு பணிப்பதில்லை. மூலநூலைச் சூத்திரம் சூத்திரமாகப் பொருள்கொள்ளும் உரைமரபோடு லயன்சின் முறை ஒத்தது. பீக்மான்சின் நூலோ மூலநூல்களைச் சேகரித்து வரிசைப்படுத்தி ஒரு நூலகமாக அடுக்குவதைக் கற்பிக்கிறது. அடுக்கும் முறையை அறிவதும் ஓர் அறிவே. எந்நூல் எதனைச் சார்ந்து நிற்கிறது என்பதை அது காட்டும். ஆனால் அடுக்கியவர் அனைத்தையும் படித்தவராகிவிட மாட்டார். இன்று லினக்சு கருநிரல் பல கோடி வரிகளாக விரிந்துவிட்டமையால் லயன்சின் முறையை அதற்கு அப்படியே கையாள இயலாது என்பதும் உண்மை. நூலின் கற்றல் பயனைச் 'சார்புநிலை அறிதல்' எனச் சுருக்கிக் கூறுவதே பொருத்தமாகும். இயங்குதளத்தின் உள்ளியக்கத்தை அறிதல் என்பது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது.

பாதுகாப்புப் பயன்: சோதிக்க இயலுதலும் சோதித்தலும்

முன்னுரையின் காரணங்களுள் மிகவும் தளர்வானது பாதுகாப்பைப் பற்றியதாகும். மூலநிரலிலிருந்து தொகுத்தால் அனைத்தையும் சோதிக்கலாம் என்பது கோட்பாட்டளவில் சரி. சோதிக்க இயலுதல் வேறு, சோதித்தல் வேறு.

கென் தாம்ப்சன் தம் டியூரிங் விருதுரையில், 1984இல் அச்சேறிய அவ்வுரையில், இதன் அடிப்படையையே அசைத்தார். தொகுப்பியின் இரும நிரலுக்குள் ஒரு பின்கதவை ஒளித்து வைக்கலாம். அத்தொகுப்பி தன்னையே தூய மூலநிரலிலிருந்து மீண்டும் தொகுக்கும்போது அப்பின்கதவைப் புதிய தொகுப்பிக்குள்ளும் செருகிவிடும். மூலநிரலில் எத்தடயமும் இராது. நூலின் முதல் தொகுப்பு ஏற்கெனவே உள்ள ஒரு வழங்கலின் தொகுப்பியைக் கொண்டே நிகழ்கிறது. எவருடைய இரும நிரலை நம்பாதிருக்க ஒருவர் இப்பணியில் இறங்குகிறாரோ, அவருடைய இரும நிரலே முதற்படியில் நிற்கிறது.

2024 மார்ச் 29இல் வெளிப்பட்ட எக்ஸ்இசட் பின்கதவு இவ்வாய்வுக்கு மிக நெருங்கிய நிகழ்வாகும். எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவி இந்நூல் கட்டமைக்கும் பொதிகளுள் ஒன்று. 'ஜியா தான்' என்னும் பெயரில் இயங்கிய ஒருவர் ஈராண்டுக்கு மேல் அத்திட்டத்தில் பங்களித்து நம்பிக்கை பெற்று, பராமரிப்பாளரான பின்னர் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் பின்கதவைச் சேர்த்தார். சோதனைக் கோப்புகள் போலத் தோன்றியவற்றுள் தீய நிரல் ஒளிந்திருந்தது. அதனை இயக்கும் தொகுப்புக் குறிப்பு வெளியீட்டுப் பொதியில் மட்டுமே இருந்தது. பொதுப் பதிவகத்தில் இல்லை. அதாவது தாக்குதல் நிகழ்ந்த களம் மூலநிரலைத் தொகுக்கும் செயலேயாகும்.

இப்பின்கதவு டெபியன், ஆர்பிஎம் வகைப் பொதிகளாகத் தொகுக்கப்படும்போது மட்டுமே செயற்படுமாறு அமைக்கப்பட்டிருந்தது. ஆகவே நூலின் முறைப்படி கையால் தொகுத்திருந்தால் அது உயிர்பெற்றிராது. இதனைத் தற்சார்புக் கட்டமைப்பின் வெற்றியாகக் கொள்ளத் தோன்றும். உண்மையில் அத்தகையோர் தப்பியிருப்பது மூலநிரலைச் சோதித்தமையால் அன்று. தாக்கியவர் அவர்களை ஒரு பொருட்டாகக் கருதாமையாலேயே. நூல் ஒவ்வொரு பொதிக்கும் எம்டி5 சரிபார்ப்பெண்ணைத் தருகிறது. தரவிறக்கத்தில் கோப்பு சிதைந்துள்ளதா என்பதை அவ்வெண் காட்டும். கோப்பை ஆக்கியவரே தீங்கு செய்திருந்தால் அவ்வெண்ணும் பொருந்தியே நிற்கும். மேலும் எம்டி5 முறையின் வலுவின்மை 2004லேயே நிறுவப்பட்டுவிட்டது.

பின்கதவு கண்டறியப்பட்ட முறை இன்னும் கருதத்தக்கது. போஸ்ட்கிரஸ் தரவுத்தள வளர்ப்பாளரான ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், டெபியனின் வளர்நிலைப் பதிப்பில் தொலைநுழைவுக்கு ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, காரணத்தைத் தேடிச் சென்று அதனைக் கண்டார். மூலநிரலை வரிவரியாகப் படித்ததால் அது வெளிப்படவில்லை. பலரும் பயன்படுத்தும் பொதுவான ஓர் அமைப்பில் வழக்கத்துக்கு மாறான ஒன்றை ஒருவர் உணர்ந்ததால் வெளிப்பட்டது. தனியொருவர் தமக்கென வடித்த அமைப்பில் இத்தகைய ஒப்பீட்டுக்கு இடமில்லை. அதனோடு வைத்துப் பார்க்க இரண்டாவது அமைப்பு இல்லை. தனித்துவம் என நூல் போற்றும் பண்பே பாதுகாப்பு நோக்கில் தனிமையாகிவிடுகிறது.

கட்டமைத்த பின்

கட்டுப்பாடு என்னும் பயன் கட்டமைப்பு முடிந்த நாளோடு முடிவதில்லை. ஒவ்வொரு பொதியிலும் பின்னர் வெளிப்படும் குறைகளைக் கண்காணித்து, திருத்திய பதிப்பைத் தொகுத்து இடும் கடமை கட்டமைத்தவரையே சாரும். நூல் பொதி மேலாளர் எதனையும் நிறுவுவதில்லை. அதற்கான காரணங்களை நேர்மையாக எடுத்துரைக்கும் பகுதியில், நிரலகத்தின் பெயர் மாறினால் அதனைச் சார்ந்த பொதிகள் அனைத்தையும் மீண்டும் தொகுக்க வேண்டும் எனவும், 'சி' நிரலகத்தை உயர்த்துவதாயின் அமைப்பு முழுவதையும் மீண்டும் கட்டமைப்பதே நன்று எனவும் நூலே எச்சரிக்கிறது. பிறருக்காகக் காத்திராமல் திருத்தம் இடலாம் என முன்னுரை கூறுவதும், அவ்வாறு இடுவதன் அருமையை எட்டாம் இயல் கூறுவதும் ஒருங்கு வைத்து நோக்கத்தக்கன. பயனைக் கூறும் இடத்தில் விலையும் கூறப்பட்டிருக்க வேண்டும்.

இவ்விலையைப் பிற திட்டங்கள் உணர்ந்துள்ளன. மூலநிரலிலிருந்து தொகுப்பதையே தன் அடையாளமாகக் கொண்டு, 2002இல் முதற்பதிப்பு வெளியிட்ட ஜென்டூ, 2023 டிசம்பர் இறுதியில் முன்தொகுத்த இரும நிரல்களையும் பரவலாக வழங்கத் தொடங்கியது. பாதுகாப்பைத் தலையாய குறிக்கோளாகக் கொண்ட ஓபன்பிஎஸ்டி, பெரும்பாலான பயனர் மூலநிரலிலிருந்து தொகுக்க வேண்டியதில்லை என்றே அறிவுறுத்துகிறது; 2017இல் 6.1ஆம் பதிப்போடு இரும வடிவிலான திருத்தங்களையும் வழங்கலாயிற்று. மூலநிரலைப் பேணுவோரே அதனை யாவரும் தொகுக்க வேண்டும் எனக் கருதவில்லை என்பது இவற்றால் பெறப்படுகிறது.

கட்டமைக்க வேண்டியோர்

எனில், மூலநிரலிலிருந்து தொகுத்தல் தேவையற்ற உழைப்பா என்னும் வினா எழுகிறது. அவ்வாறன்று. தொகுக்கும் உரிமை கட்டற்ற மென்பொருளின் உயிர்நாடி. 1991இல் வெளியான ஜிஎன்யு பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, மூலநிரல் என்பதற்குள் தொகுப்பையும் நிறுவுதலையும் நெறிப்படுத்தும் குறிப்புகளையும் அடக்குகிறது. நிரலைக் கொடுத்துத் தொகுக்கும் வழியை மறைத்தால் உரிமை வெறும் ஏட்டளவில் நின்றுவிடும் என்பதை அது உணர்ந்திருந்தது. ஆனால் ஓர் உரிமையை யாவரும் நாள்தோறும் கையாண்டாலன்றி அது நிலைக்காது எனக் கொள்ள வேண்டியதில்லை. கையாள வேண்டியோர் கையாள்வதே போதும்.

அவர்களை மூவகையினராகக் கொள்ளலாம். முதல்வகையினர் பிறருடைய கணினிகளுக்குப் பொறுப்பேற்போர். வழங்கல்களைப் பேணுவோரும், திசைவி, மருத்துவக் கருவி, ஊர்தி முதலியவற்றுள் அமையும் மென்பொருளைத் தருவோரும், அரசு நிறுவனங்களும் இதனுள் அடங்குவர். கருவிப் பொறிகளுக்கென 2010இல் தோன்றிய யாக்டோ போன்ற திட்டங்கள் இவர்களுக்கானவை. தாம் வழங்கும் ஒரு பொதியில் குறை வெளிப்படும்போது, அதனை ஆக்கியவரை எதிர்பார்த்திராமல் திருத்தி மீண்டும் தொகுக்க இவர்களால் இயல வேண்டும்.

இதற்குத் தமிழகச் சூழலிலும் பொருத்தப்பாடு உண்டு. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடியொற்றி உருவாக்கிய 'பாஸ்' லினக்சு 2007இல் வெளிவந்தது. தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளிலும் விண்டோசுடன் அது இடம்பெற்றது. பாயிர மரபின் சொல்லால் கூறின் இது வழிநூல், வழிநூலாதல் குறையன்று. மடிக்கணினியைப் பெற்ற மாணவர் அதனைத் தொகுத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அரசின் பெயரால் மாணவர் கையில் ஓர் இயங்குதளம் சேரும்போது, அதன் ஒவ்வொரு பொதியையும் மூலநிரலிலிருந்து மீண்டும் தொகுக்க வல்லார் ஒருவர் அரசின் தரப்பில் இருத்தல் வேண்டும். 'நம்முடையது' என ஓர் இயங்குதளத்தைக் கூறுவதற்கு அதன் பெயரும் முகப்பும் சான்றாகா. மீளத் தொகுக்கும் ஆற்றலே சான்று.

இரண்டாம் வகையினர் ஒப்பிட்டுச் சரிபார்ப்போர். ஒரே மூலநிரலை இருவர் தனித்தனியே தொகுத்தால் ஒரு பிட்டும் வேறுபடாத இரும நிரல் கிடைக்க வேண்டும் என்பது மீளுருவாக்கத் தொகுப்பு என்னும் இயக்கத்தின் நோக்கம். டெபியன் 2013 முதல் இதில் ஈடுபட்டுள்ளது. தாம்ப்சன் எழுப்பிய சிக்கலுக்கு டேவிட் வீலர் 2009ஆம் ஆண்டு முனைவர்பட்ட ஆய்வேட்டில் இரு வேறு தொகுப்பிகளைக்கொண்டு ஒப்பிடும் முறையை விரித்துரைத்தார். கிக்ஸ் என்னும் வழங்கல் 2023இல் 357 பைட் அளவேயான ஒரு சிறு நிரலிலிருந்து தொடங்கிப் படிப்படியாக முழுக் கருவித்தொடரையும் எழுப்பிக் காட்டியது. இம்முயற்சிகளும் முழுக் காப்பாகா. எக்ஸ்இசட் நிகழ்வில் வெளியீட்டுப் பொதியே மாசுபட்டிருந்தமையால், அதனை எத்தனை பேர் தொகுத்தாலும் ஒரே மாசுற்ற விளைவே கிடைத்திருக்கும். பதிவகத்தோடு வெளியீட்டுப் பொதியையும் ஒப்பிட வேண்டும் என்பதே அந்நிகழ்வு தரும் பாடம். எவ்வாறாயினும், இவர்களுடைய தொகுப்புக்குப் பொருள் தருவது அதன் தனித்துவம் அன்று. பிறருடையதோடு அது ஒத்திருத்தலே.

மூன்றாம் வகையினர் கற்போர். இவர்கள் ஒருமுறை கட்டமைத்தல் வேண்டும். அதனை நாள்தோறும் பயன்படுத்தும் அமைப்பாகக் கொள்ளாமல் ஆய்வகப் பயிற்சியாகக் கொள்ளுதல் வேண்டும். ஆசிரியர் சில கட்டளைகளை மறைத்தோ, வரிசையை மாற்றியோ, ஒரு பொதியின் பதிப்பை மாற்றியோ கொடுத்து, நேரும் பிழைக்குக் காரணம் காணச் செய்தால் நூல் தன் முழுப்பயனைத் தரும். மதிப்பெண் வழங்க வேண்டிய இடம் கணினி தொடங்கிய திரையன்று. பிழைக்கு மாணவர் எழுதிய விளக்கமே.

முடிவுரை

'லினக்சு ஃபிரம் ஸ்கிராட்ச்' கால் நூற்றாண்டாகத் தளராது புதுப்பிக்கப்படும் அரிய கூட்டுமுயற்சி. அதன் தொழில்நுட்பச் செம்மை ஐயத்துக்கு இடமற்றது. குறை அதன் பாயிரத்தில் உள்ளது. வெவ்வேறு கேட்போருக்குரிய பயன்களை ஒருவருக்கே உரியனவாக அடுக்கியமையால், பாதுகாப்பை நாடி வருபவர் பராமரிப்புச் சுமையோடும், கற்க வருபவர் முடித்துவிட்ட நிறைவோடு மட்டும் திரும்பும் நிலை ஏற்படுகிறது.

கற்றல் பயனைச் சார்புநிலை அறிதல் என வரையறுத்தும், பாதுகாப்புப் பயனைப் பொறுப்பேற்போருக்கும் ஒப்பிடுவோருக்கும் உரியதாக்கியும், கட்டமைப்புக்குப் பின்வரும் கடமையை முன்னுரையிலேயே எடுத்துரைத்தும் பாயிரம் திருத்தப்படுமாயின் நூலும் அதன் கேட்போரும் பொருந்துவர். மூலநிரலிலிருந்து இயங்குதளத்தை யார் கட்டமைக்க வேண்டும் என்னும் வினா, யாருக்குத் திறமை உள்ளது என்பதாகவே பெரும்பாலும் புரிந்துகொள்ளப்படுகிறது. ஆராய்ந்து நோக்கின், அவ்வியங்குதளம் பழுதுற்றால் யார் விடை கூற வேண்டியவரோ அவரே அதனைக் கட்டமைக்கவும் அறிந்திருக்க வேண்டியவர் என்பது தெளிவாகிறது.